ஹரிபதாவின் முகமூடி

என் அன்புக்குரிய தணிகை அண்ணை,

முதலில் ஒரு கேவலத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். உங்கள் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்த நேரம் நான் கழிவறைக்குள் ஒளிந்திருந்தேன். வயிற்றுக் கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் மகள் கவிதா என்னிடம் வந்து, "அன்னைக்கு ஹால்ல சொன்ன மாதிரியே ஹரிபதா கதைய இங்கயும் சொல்லுங்க அங்கிள்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு நேரே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஒளிவதற்கும் இடம் பார்த்து ஒளிய வேண்டும். அந்தக் கழிவறைச் சுவரில் கை உலர்த்தும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆள் அசைந்தால் போதும், 'ஊ' என்று ஊதத் தொடங்கிவிடும். தலையைச் சொறிந்தேன், ஊதியது. நெற்றி வியர்வையைத் துடைத்தேன், ஊதியது. வெளியே யாரோ உங்களுக்காகப் பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் பக்கவாத்தியம். கடைசியில் என் மனைவி ஜெசிந்தா வந்து கதவில் தட்டினாள்.

"எவ்வளவு நேரமா அந்தக் கையைக் காயவைச்சுக்கொண்டு நிக்கிறியள்? கவிதா தேடுது. வெளியில வாங்கோ."

நான் போகவில்லை. உங்களைக் கொண்டுபோன பிறகுதான் வெளியே வந்தேன்.

மொன்றியலில் கல்யாணமோ ஐம்பதாவது பிறந்தநாளோ, கூப்பிடாமலே மேடையேறுகிற ஆள் நான். என் கையிலிருந்து மைக்கை வாங்குவதற்கென்றே சில வீடுகளில் பலசாலியான மச்சான் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவன் உங்கள் சடங்கில் வாய் திறக்கவில்லை என்றதும் துக்கம் தாங்க முடியாமல் போய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது துக்கம் இல்லை அண்ணை. வெட்கம்.

இந்தக் கடிதத்தை எங்கள் மாதப் பத்திரிகையில், வழக்கமாக நான் பகிடி எழுதுகிற அதே பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ஆகவே மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள்தான்.

உங்களைத் தெரியாதவர்களுக்கு எங்கே தொடங்குவது? பிரெஞ்சு வகுப்பில் தொடங்கலாம். இந்த ஊருக்கு வந்து தலை நரைத்த பிறகும் நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் வெட்டுகிறவன். வெங்காயத்தைச் சுற்றியுள்ள பிரெஞ்சு எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்டபாடு, அதைத் தாண்டினால் பொன்ஜூர், மெர்சி. நீங்கள் எழுபது வயதில், ரொக்ஸ்பரோவில் மகள் வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதமே, புதுக் கொப்பியும் மூன்று நிறப் பேனாவுமாய் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தீர்கள்.

ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் எழுந்து, "டிக்ர்" என்றீர்கள். புலி. பிறகு விரலை மடக்கி, "அன், தூ, துவா" என்று எண்ணிக் காட்டினீர்கள். அந்த அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து, "ஓ, சிர்க்!" என்றார். சர்க்கஸ். நீங்களும் சிரித்துத் தலையாட்டினீர்கள். சர்க்கஸ்காரர்களுக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை டாக்டர்களுக்குக் கூட இல்லை. அந்தப் பருவம் முழுக்க அவர் உங்களைத்தான் முதலில் பேச அழைத்தார். புலியின் வாய்க்குள் தலையை விட்டிருக்கிறீர்களா என்று கேட்டதற்கும் நீங்கள் 'வீ', ஆமாம், என்றீர்கள்.

இடைவேளையில் நான் உங்களிடம் வந்தேன். "அண்ணை, உண்மையாவே சர்க்கஸோ?"

நீங்கள் காதுக்குள் இருந்த மெஷினை விரலால் ஒரு திருகு திருகினீர்கள். "சர்க்கஸா? யாரு சொன்னா? நான் புலி கணக்கெடுத்தவன் தம்பி. சுந்தரவனத்துல."

எங்கள் ஆட்களிடம் புலி என்று தொடங்கினால் பாதிப் பேர் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். நாலு கால் புலி என்று முதலே சொல்லிவிடுவது என் வழக்கம். இது நாலு கால் புலி. கங்கை கடலில் விழுகிற இடத்தில், உப்புத் தண்ணீருக்குள் நிற்கிற காட்டில், அரசாங்கம் ஆளை உள்ளே விடாமல் காவல் காக்கிற காட்டில் இருக்கிற புலி.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் நம் இரண்டு பேருக்கும் ஒரு மேசை. நீங்கள் சிதம்பரம் பக்கத்துச் சேற்றில் பிறந்தவர், நான் மன்னார்ச் சேற்றில். அந்தச் சேற்றில் நிற்கிற மரத்தை நீங்கள் அலையாத்தி என்பீர்கள், நான் கண்டல் என்பேன். நம் சண்டை அந்த ஒன்றோடு சரி. காப்பி அரைக்கிற சத்தம் தொடங்கினால் நீங்கள் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவீர்கள். அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும் சிரிப்பீர்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ரசிகர் நீங்கள்தான் அண்ணை.

ஆனால் நீங்கள் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி வந்து காட்டின் தரையையே மூடிவிடும் என்றீர்கள். தண்ணீர் வடிந்தால் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள், ஆணியைத் தலைகீழாய் அடித்து வைத்த மாதிரி. ஒரு கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டுகள் அந்தக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டும். மீன் சேற்றில் நடக்கும். முதலை ஒரு மரத்துண்டைப் போலக் கிடக்கும். மரத்துண்டு முதலையைப் போலக் கிடக்கும். பூனை ஒன்று தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும். புலி உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இக்கரையிலிருந்து அக்கரை தெரியாத ஆற்றை நீந்திக் கடக்கும்.

ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காதாம். மரத்தில் கேமரா கட்டி வைத்து, அது எடுத்த படங்களில் விலா வரிகளைப் பார்த்து ஆளை அடையாளம் பிடிப்பதுதான் உங்கள் வேலை. எந்தப் பெண்புலி எந்த ஓடையை விட்டுப் போனது, அந்த ஓடைக்கு யார் குடிவந்தது, அதற்கும் இதற்கும் என்ன பிரச்சினை என்று பக்கத்து வீட்டு விவகாரம் போலச் சொல்வீர்கள். காட்டுக்குள் இவ்வளவு கிசுகிசு இருக்கும் என்று தெரிந்திருந்தால் நானும் அந்த வேலைக்கே போயிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, இலை எல்லாம் விழுந்து முடிந்திருந்தது, வெளியே மழை தூறியது. நீங்கள் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்து, உள்ளேயிருந்து ரப்பர் முகமூடி ஒன்றை எடுத்தீர்கள். சிவப்புக் கன்னம், கறுத்த மீசை, திறந்த கண்கள். திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற சாமான்.

அந்தக் காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவர்கள் இதைப் பின்னந்தலையில் மாட்டிக்கொள்வார்கள் என்று சொன்னீர்கள். புலி பின்னால் வந்துதான் அடிக்கும். முகம் தன்னைப் பார்க்கிறது என்று நினைத்தால் அடிக்கத் தயங்கும். இந்துவும் முஸ்லிமும் ஒன்றாய்க் கும்பிடுகிற அம்மன் ஒருத்தி அந்தக் காட்டில் இருக்கிறாள். அவளைக் கும்பிட்டுவிட்டு முகமூடியையும் மாட்டிக்கொண்டுதான் ஆட்கள் கரை இறங்குவார்கள்.

நான் அதை வாங்கி என் தலையில் மாட்டப் போனேன். "வேணாம் தம்பி" என்றீர்கள். "அது ஹரிபதாவோடது."

ஹரிபதா உங்கள் படகோட்டி. எட்டுப் பருவம் உங்களோடு அந்த ஓடைகளில் திரிந்தவர். நல்ல பகிடிக்காரர் என்று நீங்கள் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதற்கு முந்தின நாள் உங்களுடைய முகமூடி ஆற்றில் விழுந்து போயிருந்தது. அன்று கரை இறங்குமுன் ஹரிபதா தன்னுடையதைக் கழற்றி உங்கள் பின்னந்தலையில் மாட்டிவிட்டார். சாருக்குப் பின்னால் முடி இல்லை, அதனால் எனக்கு மாட்டுவதைவிட நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்லிச் சிரித்தாராம்.

கரையில் உங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் பட்டாசு கொளுத்திப் போடுவீர்கள். பிறகு ஒருவர் குனிந்து கேமராவை மரத்தில் கட்டுவார். மற்றவர் அவருக்கு முதுகைக் காட்டி நின்று காட்டைப் பார்ப்பார். கட்டுகிறவர் முடிந்தது என்று சொல்லும் வரை பார்க்கிறவர் வேறு எதையும் பார்க்கக் கூடாது. அன்று கட்டியது ஹரிபதா. பார்க்க நின்றது நீங்கள்.

பக்கத்து மரத்தில் குரங்குகள் இருந்தன. அவை கொப்பை ஒடித்துக் கீழே போட, ஒரு புள்ளிமான் அந்தத் தழையைத் தின்றுகொண்டிருந்தது. வெயில் சாய்வாக விழுந்தது. நீங்கள் சட்டைப் பையிலிருந்து உங்கள் சின்னக் கேமராவை எடுத்தீர்கள்.

"ஒரே ஒரு படம் தம்பி. ஒண்ணுதான் எடுத்தேன். சத்தமே கேக்கல. திரும்பிப் பாத்தா மஞ்சளா ஏதோ ஒண்ணு போகுது. அவ்வளவுதான். இவன் இருந்த இடத்துல சேத்துல முட்டி பதிஞ்ச குழி ரெண்டு. அதுல தண்ணி ஊறுது."

காப்பிக் கடையில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். நீங்கள் அது முடியும் வரை காத்திருந்தீர்கள்.

"ரிப்போர்ட் நான்தான் எழுதினேன். 'முகமூடி அணியாமல் சென்றதால்' அப்படின்னு எழுதினேன். பேரு கூட எழுதல. கூலித் தொழிலாளி ஒருவர், அவ்வளவுதான். அத எழுதும்போது இந்த முகமூடி என் மேசை மேல இருந்துச்சு."

வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதுறவரு. இத எழுதுங்க. எழுதலைன்னா நாலு பேர் முன்னாடி சொல்லவாவது சொல்லுங்க. அவன் பேரச் சொல்லி, அவன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க. என் பேரையும் சொல்லுங்க" என்றீர்கள்.

நான் உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அது நல்ல சத்தியம்தான் அண்ணை. செய்தவன்தான் சரியில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் வருடாந்த இராப்போசனம் உங்களுக்குத் தெரியும். அதன் குழுத் தலைவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வருஷம் என்னைச் சமையலறைக் கதவோரம் இருத்திவிடுவார். அவர் அந்த வாரம் எனக்கு அழைப்பெடுத்தார். "ஞானம், இந்த முறை கெதியா முடி. போன வருஷம் நீ கதைக்கேக்கை சனம் எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போட்டுது" என்றார்.

உண்மை. பனிக்கால டயர் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். கடைசியில் முன் வரிசையில் மிச்சம் இருந்தது ஜெசிந்தாவும், நித்திரையாகிவிட்ட ஒரு தாத்தாவும். அதிலிருந்து என் உள்ளுக்குள் ஒரு பயம். பகிடிக்காரனுக்குச் சனம் சிரிக்காவிட்டால் அவன் வெறும் வாயாடி. அந்தப் பயத்தில்தான் உங்கள் முகமூடி ஞாபகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை உங்களிடம் அதைக் கேட்டு வாங்கினேன். "முதல் கொஞ்சம் சிரிக்க வைப்பன் அண்ணை. பேந்து முகமூடியைக் கழட்டிப்போட்டு ஹரிபதாவைப் பற்றிச் சொல்லுவன். சிரிச்சு இளகின நெஞ்சிலதான் துக்கம் இறங்கும்" என்றேன். பெரிய கலைஞன் மாதிரி. நீங்கள் பையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று கொடுத்தீர்கள்.

சத்தியமாய் அப்படித்தான் செய்ய நினைத்திருந்தேன். இரண்டாம் பாதியைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

அன்று மேடையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே சொல்வது கொடுமை. சொல்கிறேன். முகமூடியைப் பின்னந்தலையில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து மேடைக்கு வந்தேன். அதற்கே சிரிப்பு. என் கதையில் சார் ஒருவர், அவருக்கு இரண்டு முகம். புலி வந்து பின் முகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. சுற்றி வந்து முன் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தது. அவர் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடப்பதை நடித்துக் காட்டினேன். படகுக்காரன் ஒருவன், மடையன், முகமூடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவன். புலியைக் கண்டு அவன் எடுத்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை, போன கிழமைதான் இங்கே புரோசார்ட் பாலத்தைத் தாண்டினான் என்றேன். ஹால் அதிர்ந்தது. ஒரு மாமியின் கையிலிருந்த ஃபண்டா அவவின் காஞ்சிபுரத்தில் கொட்டியது, அவ அதைத் துடைக்கவும் முடியாமல் சிரித்தா.

செத்துப்போன மனிதனை ஓட வைத்தேன் அண்ணை. தன் முகத்தைக் கழற்றி உங்களுக்குக் கொடுத்தவனை, மறந்துவிட்டு வந்த மடையனாக்கினேன். நீங்கள் ரிப்போர்ட்டில் எழுதின அதே பொய். நீங்கள் அதைப் பயத்தில் எழுதினீர்கள். நான் கைதட்டலுக்குச் சொன்னேன்.

நீங்கள் மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது.

பிறகு முகமூடியைக் கழற்றினேன். இரண்டாம் பாதி தொடங்க வேண்டிய இடம். ஹால் அமைதியாகிவிட்டது. தலையைக் குனிந்து நின்றேன். பெயர் தொண்டையில்தான் இருந்தது. ஆனால் முன் வரிசையில் ஒருவர் அடுத்த பகிடி வரப்போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு ஏற்கெனவே குலுங்கிக்கொண்டிருந்தார். அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று எத்தனையோ நாள் தேடிப் பார்த்துவிட்டேன்.

"பிரியாணி திறந்தாச்சு. புலி வர முதல் ஓடுங்கோ" என்றேன்.

மொத்த ஹாலும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. சிரிப்பும் கைதட்டலும் கதிரை இழுபடும் சத்தமும். நீங்களும் எழுந்தீர்கள். மற்றவர்கள் வரிசைக்குப் போன பிறகும் நீங்கள் மட்டும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தீர்கள். கண் கலங்கியிருந்தது.

வாசலில் என் இரண்டு கையையும் பிடித்தீர்கள். "எல்லாரும் நல்லா சிரிச்சாங்க. அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, பாத்தீங்களா? நன்றி தம்பி."

எத்தனையோ பேர் என்னை மேடையில் வைத்தே ஏசியிருக்கிறார்கள். யாரும் இப்படி ஊசி ஏற்றியதில்லை. நீங்கள் முகமூடியை வாங்கி, என் தலை எண்ணெயைக் கைக்குட்டையால் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே காரில் காத்திருந்த கவிதாவிடம் போனீர்கள்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் காப்பிக் கடைக்கு வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று இரண்டு டோனட் சாப்பிட்டேன். இதுதான் என் வெட்கத்தின் அடிமண்டி.

பிறகு பனி விழுந்தது. நீங்கள் வரவில்லை, நான் அழைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை தோறும், நாம் சந்திக்கிற அதே நேரத்துக்கு, வாட்ஸ்அப்பில் உங்களிடமிருந்து ஒரு படம் வரும். ஒரு சொல் இருக்காது. முதல் சனி, முதலை. புரிந்தது. அடுத்த சனி, குரங்கு. அதுவும் புரிந்தது. பிறகு நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு உடும்பு. நான் போனை ஜெசிந்தாவிடம் காட்டி, "பார், கிழவன் ஒவ்வொரு கிழமையும் என்னை ஒவ்வொரு மிருகமா ஏசுது" என்றேன்.

"அப்பிடியெண்டா போய் மன்னிப்புக் கேளுங்கோவன். ரொக்ஸ்பரோ என்ன ரொறன்ரோவோ?" என்றாள்.

நான் பனியைச் சொன்னேன், ஷிஃப்டைச் சொன்னேன், மூக்கு ஒழுகுகிற தடிமனைச் சொன்னேன். தடிமன் உண்மையில் வரவேயில்லை. வருகிற மாதிரி இருந்தது.

கடைசிப் படம் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. ஒரு மரம், அதில் குரங்குகள். கீழே தழை தின்கிற புள்ளிமான். ஆனால் மான் தின்னவில்லை. தலையைத் தூக்கி, படத்துக்கு வெளியே இடது பக்கமாக எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் காது இரண்டும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கின்றன. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று வெட்டினது முழுக்க வெங்காயமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

புதன்கிழமை கவிதா அழைத்தாள். நித்திரையிலேயே என்றாள்.

சடங்கு முடிந்து பத்து நாள் கழித்துத்தான் உங்கள் வீட்டுப் படி ஏறத் துணிந்தேன். கவிதா தேத்தண்ணீர் தந்தாள். முழங்கால் வலி, அதோடு பனியில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால்தான் அப்பா சனிக்கிழமை வரவில்லை என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் படங்கள் நான் எழுதப் போகிறதுக்கு உதவும் என்று நீங்களே பழைய பெட்டியைக் கிளறித் தேடி எடுத்தவை என்றாள். அதையும் நான் நம்பவில்லை. உடும்பு எதற்கு உதவும்?

பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "உங்ககிட்ட குடுக்கச் சொல்லி எழுதி வெச்சிருந்தாரு. அந்த டின்னர் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, 'ஞானம் சொல்லிட்டாரு கவிதா, ஹால் மொத்தமும் அவனுக்காக எந்திரிச்சு நின்னுச்சு' அப்படின்னாரு அங்கிள். அப்புறம்தான் ஹரிபதா விஷயத்த முதல் தடவையா எங்கிட்ட சொன்னாரு. ஃபுல்லா. சொல்லிட்டு அன்னைக்கு நல்லாத் தூங்கினாரு."

எனக்கு விளங்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற மகளிடமே பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பையோடு எழுந்து, தேத்தண்ணீரைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். வருகிற வழியில் ரயிலில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பையை அதில் வைத்தேன். பிறகு அதுவும் சரியில்லை என்று தோன்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இங்கே புதுச் செய்தி, புதினம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரெஞ்சு ஆசிரியை உங்களைக் கேட்டார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய சர்க்கஸ்காரர் என்றார். திருத்துவதற்கு வேண்டிய பிரெஞ்சு என்னிடம் இல்லை. உங்கள் கதிரையில் கொலம்பியாக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் என் பகிடிக்குச் சிரிப்பதில்லை, காது நன்றாகக் கேட்கிறது. பனி உருகிவிட்டது. எங்கள் வளவுக்குள் ரக்கூன் ஒன்று வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறது. அதற்கும் முகத்தில் ஒரு கறுப்பு முகமூடி. மற்ற நேரமாயிருந்தால் அதை வைத்து ஒரு பக்கம் எழுதியிருப்பேன். இப்போது அதைக் கண்டால் நான்தான் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

அண்ணை, அந்தக் காட்டில் ஹரிபதா குனிந்திருந்த நேரம் நீங்கள் ஒரு கணம் வேறு பக்கம் பார்த்தீர்கள். அதை ஆயுள் முழுக்கச் சுமந்தீர்கள். நீங்கள் என் முன்னால் குனிந்தீர்கள். நான் ஒரு மாரிகாலம் முழுக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழகான மான்கூட இல்லை. பிரியாணிதான் இருந்தது.

ஆகவே இதைக் கேளுங்கள். இந்த வருஷ இராப்போசனத்தில் அதே மேடையில் ஏறுவேன். தலைவர் மறித்தால் ஜெசிந்தா அவரைப் பார்த்துக்கொள்வாள். முகமூடியை மாட்ட மாட்டேன். மேசையில், சனத்தைப் பார்த்தபடி வைப்பேன். முதல் சொல் ஹரிபதா. இரண்டாவது, அவர் மேல் தப்பில்லை. மூன்றாவது உங்கள் பெயர், நாலாவது என் பெயர். சனம் எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போனால் போகட்டும், கதிரைகளுக்குச் சொல்லுவேன். முடிந்தது என்று நீங்கள் எங்கிருந்தாவது சொல்லும் வரை மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

முதுகுக்குப் பின்னால் காவல் நிற்கத் தவறிய உங்கள் தம்பி,
ஞானப்பிரகாசம்

பின்குறிப்பு: உங்கள் பெயரும் ஹரிபதாவின் பெயரும் இருப்பதால், அச்சுக்குக் கொடுக்குமுன் கவிதாவுக்குத் தொலைபேசியில் இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். அவள் கடைசி வரி வரை கேட்டாள். பிறகு சொன்னாள்: அன்று ஹாலுக்குப் புறப்பட்ட அவசரத்தில் உங்கள் காது மெஷினைச் சமையலறையில் சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தீர்களாம்.